நள்ளிரவுப் பல்வலி: கேஷுவாலிட்டிக்கா, பல் மருத்துவரிடமா?

பல்வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பகலெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்துவிட்டு, பல் மருத்துவர் ஷட்டரை இறக்கி வீட்டுக்குப் போன பிறகுதான் முழுக் குரலெடுத்துக் கத்தும். எனக்கு அது கத்தத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை இரவு, மணி ஒன்றே முக்காலுக்கு. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல். படுத்தால் விண்விண் என்று தெறித்தது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருக்கும் வரை நிம்மதி, விழுங்கியதும் மறுபடி ஆரம்பம். தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "விடியும்வரை இப்படியே நடக்கப்போகிறீர்களா? கிளம்புங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள் மனைவி.

போனோம். பெயர் வேண்டாம், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டூட்டி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். இடுப்பில் ஓர் ஊசி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், "திங்கட்கிழமை ஒரு பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள் சார்" என்ற அறிவுரை. பில் 2,140 ரூபாய். அந்த டாக்டர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் இருந்த அறையில் இதய அடைப்புக்கு மருந்து இருந்தது, மூச்சு நின்றால் குழாய் போட ஆள் இருந்தது, முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டு இருந்தது. பல்லைத் திறக்க மட்டும் எதுவும் இல்லை.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. தூங்கினேன். திங்கட்கிழமை வலி இல்லை. செவ்வாயும் இல்லை. வலி இல்லாதவன் பல் மருத்துவரிடம் போவானா? நானும் போகவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அந்த ஒன்றே முக்கால் மணிக்கு என் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருந்தன என்று பார்த்துவிடலாம்.

பல் மேலே கல் மாதிரி இருந்தாலும் அதன் நடுவில் உயிருள்ள கூழ் ஒன்று இருக்கிறது. ரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த மெல்லிய சதை. சொத்தை ஆழமாகி அதைத் தொட்டதும் அந்தச் சதை வீங்கப் பார்க்கும். கையில் அடிபட்டால் கை வீங்கும், இடம் இருக்கிறது. பல்லுக்குள் நான்கு பக்கமும் சுவர். வீங்க இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடும், அதுவே போதும் தெறிக்க. சூடு பட்டால் உயிர் போகும், குளிர்ந்த நீர் பட்டால் அடங்கும் என்ற கட்டத்துக்கு ஒரு பல் வந்துவிட்டதென்றால், அதனுள் இருக்கும் கூழ் அநேகமாகத் திரும்பிப் பிழைக்காது. இதற்கு இரண்டே வைத்தியங்கள்: பல்லைத் துளைத்து அந்தக் கூழை எடுப்பது, அல்லது பல்லையே எடுப்பது. முன்னதைத்தான் ரூட் கேனல் என்கிறோம்.

இரண்டுக்கும் ஒரு நாற்காலி வேண்டும், துளைக்கும் கருவி வேண்டும், அந்த ஒரு பல்லை மட்டும் படம் பிடிக்கும் சிறு எக்ஸ்ரே வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கை பழகியவர் வேண்டும். நம் நாட்டில் பல் மருத்துவம் தனிப் படிப்பு, 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் பல் பிடுங்கப் பயின்றவர் அல்லர். ஆகவே கேஷுவாலிட்டிக்குப் பல்வலியோடு போகிறவருக்குக் கிடைக்கக்கூடியது வலி நிவாரணியும், பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாடிக் சீட்டும்தான். அந்த ஆன்டிபயாடிக்கும் வெறும் பல்வலிக்கு உதவாது. செத்துக்கொண்டிருக்கும் கூழுக்குள் ரத்தம் ஓடவில்லை. ரத்தம் ஓடாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியும், காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு, பல்லுக்கு உடனே சிகிச்சை கிடைக்குமானால், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

இங்கேதான் நம் கணக்கு தவறுகிறது. வலி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்று நினைக்கிறோம். பல் விஷயத்தில் வலியின் அளவு ஒரு மோசமான அளவுகோல். சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும் வலிதான் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத வலி. அது பல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வலி எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நாள் நின்றுபோனால் கவலைப்பட வேண்டும். நரம்பு செத்துவிட்டது, கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிவிட்டது என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

எனக்கு அதுதான் நடந்தது. ஆன்டிபயாடிக் முடிந்த மறுநாள் காலை கண்ணாடி முன் நின்றபோது வலது கன்னம் ஒரு பக்கத்து வெற்றிலை மென்றவன் மாதிரி இருந்தது. அன்றைக்குப் பல் மருத்துவர் சீழை வடித்துவிட்டுச் சொன்னார்: "வலி வந்த மறுநாளே வந்திருந்தால் ஒரே உட்காரலில் நரம்பை எடுத்திருப்பேன். இப்போது வீக்கம் வடிய வேண்டும், பிறகு இரண்டு மூன்று தடவை வர வேண்டும்." சீழ் கட்டிய இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் சரியாக வேலை செய்யாது, அங்கே திசு அமிலத்தன்மை அடைந்திருக்கும், மருந்து நரம்புக்குள் போகத் திணறும். இதைப் புத்தகத்தில் படிக்காமலே தெரிந்துகொண்டேன்.

வலியை விட்டுவிட்டு வேறு ஐந்தைப் பாருங்கள்

அப்படியானால் பல் சம்பந்தமாக மருத்துவமனைக்குப் போகவே வேண்டாமா என்றால், சில நேரங்களில் பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருப்பதே உயிருக்கு ஆபத்து. மூச்சு, விழுங்குதல், ரத்தம், எலும்பு, இதயம். இந்த ஐந்தில் ஒன்று தொடர்பாகச் சந்தேகம் வந்தால் பல் மருத்துவமனையின் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது.

முதல் இரண்டும் சேர்ந்தே வரும். கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர்கள், வாயின் அடித்தளமாக இருக்கும் தசைக்கும் கீழே வரை இறங்கியிருக்கும். அங்கிருந்து கிளம்பும் சீழ் வாய்க்குள் வடியாமல் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கமாகப் பரவும். 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் விவரித்ததால் அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். நாக்கின் கீழே இருக்கும் சதை மேலெழும்பி நாக்கையே அண்ணத்தை நோக்கித் தள்ளும், மூச்சுப்பாதை அடைபடும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்றும் இது கணிசமாகப் பயப்பட வேண்டிய நோய்தான், ஏனென்றால் மணிக்கணக்கில் முற்றும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை. வாயை எவ்வளவு திறக்க முடிகிறது? சாதாரணமாக மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவே வைக்கலாம். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் தொற்று தசைகளுக்குள் போயிருக்கிறது. சொந்த எச்சிலை விழுங்க முடிகிறதா, அல்லது ஒழுகுகிறதா? பேச்சு, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மாறிவிட்டதா? தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கல்மாதிரி வீக்கமா? குளிர்காய்ச்சலா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இவற்றில் ஏதேனும் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே கொண்டுபோங்கள். மேல்தாடைப் பல்லில் தொடங்கிய வீக்கம் கண்வரை ஏறி, இமை மூடிக்கொண்டாலோ பார்வை மங்கினாலோ அதுவும் மருத்துவமனைக்கு உரியதே. அங்கிருந்து மூளைப் பக்கம் போகும் வழி குறுகியது.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கோவிட் இரண்டாம் அலை வந்த 2021-இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, பலருக்கு அது மேல்தாடைப் பல்வலியாகவும் பற்கள் ஆடுவதாகவும்தான் முதலில் தலைகாட்டியது. சொத்தையே இல்லாத பற்கள் திடீரென்று வரிசையாக ஆடத் தொடங்கினால், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர் அதைப் பல் பிரச்சினை என்று மட்டும் நினைக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் அப்படித்தான்: காய்ச்சலோடு கன்னம் சிவந்து வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதயத்தைப் பற்றி ஒரு பத்தி தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பல்வலி வேஷம் போட்டு வரும். கீழ்த்தாடையில், பெரும்பாலும் இடப்பக்கம் அல்லது இரு பக்கமும், இன்ன பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி; மாடிப்படி ஏறினால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது; வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல். குளிர்ந்த தண்ணீரும் சுடுதண்ணீரும் அதை ஒன்றும் செய்வதில்லை. பெண்களுக்கும் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் இப்படி வருவது உண்டு. இதற்கு ஈ.சி.ஜி. வேண்டும், பல் மருத்துவர் வேண்டாம். வெறும் பல்வலிக்காக ஓடிய என்னைப் பற்றிச் சிரிப்பவர்கள் இருக்கலாம். இந்தச் சந்தேகத்தில் கேஷுவாலிட்டிக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

ரத்தம் கொஞ்சம் குழப்பமான விஷயம்; ஐந்தில் இது ஒன்றில் மட்டும் சில நேரம் பல் மருத்துவரிடமே போக வேண்டும். பல் எடுத்த அன்று இரவு தலையணையில் சிவப்பாகக் கறை பட்டால் வீடே பதறும். எச்சிலோடு கலந்த ஒரு சொட்டு ரத்தம் ஒரு கரண்டிபோலத் தெரியும். சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து, பல் எடுத்த குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் கடிகாரம் பார்த்து அழுத்திக் கடிக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே நின்றுவிடும் என்பது நான் கண்ட அனுபவம். இரண்டு முறை இப்படிச் செய்தும் வாய் நிறைந்துகொண்டே இருந்தால் பல் எடுத்த மருத்துவரையே எழுப்புங்கள். அந்தக் குழியில் தையல் போடவேண்டியவர் அவர்தான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஹீமோஃபிலியா உள்ளவர், கல்லீரல் கெட்டவர், டெங்குக் காய்ச்சலில் இருப்பவர், தலைசுற்றி மயங்குகிறவர் என்றால் நேரே மருத்துவமனை.

அடிபட்டால்

பைக்கில் விழுந்து, பற்கள் ஒன்றோடொன்று பழையபடி பொருந்தவில்லை, தாடை கோணுகிறது, உதட்டுக்குக் கீழே மரத்திருக்கிறது என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். தலையிலும் அடிபட்டு வாந்தி, மயக்கம் இருந்தால் பல்லைப் பற்றிய பேச்சே அப்புறம். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். "போலீஸ் வந்தால்தான் தொடுவோம்" என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே அதைத் தீர்த்துவைத்துவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத சட்டச் செய்தி ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் குழாயடியிலோ கிரிக்கெட் மைதானத்திலோ கைகலப்பாகி ஒருவர் குத்தியதில் உங்கள் பல் உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். பல் உடைவதும் பெயர்வதும் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு எலும்பையும் பல்லையும் ஒரே வரியில் வைத்திருந்தது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே செய்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். வழக்குப் போடுகிற எண்ணம் இருந்தால், தெருமுனைப் பல் கிளினிக்குக்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதிந்துகொள்ளுங்கள். நீதிமன்ற வளாகங்களில் 'ஏ.ஆர். காப்பி' என்ற பெயரில் எல்லோரும் தேடி அலைகிற காகிதம் அதுதான். சிகிச்சைக்குப் பல் மருத்துவர், சாட்சிக்கு அரசு மருத்துவமனை.

ஆனால் பல் முழுசாக வேரோடு கழன்று கையில் வந்துவிட்டால், தலையிலும் தாடையிலும் வேறு அடி இல்லையென்றால், எல்லா வரிசையும் தலைகீழாகிவிடும். பல் மருத்துவத்தில் நிமிடக் கணக்கு பார்க்க வேண்டிய நேரம் இது. என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளி மைதானத்தில் முன்பல் ஒன்று பெயர்ந்தது. அத்தான் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பையனை அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உதட்டுக்குத் தையல், டெட்டனஸ் ஊசி, இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. எல்லாம் முடிந்து மாலையில் பல் மருத்துவரிடம் வந்தபோது, கைக்குட்டைக்குள் அந்தப் பல் நன்றாகக் காய்ந்திருந்தது.

வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய இழைகளின் செல்கள்தான் பல்லைத் திரும்ப எலும்போடு பிணைக்கின்றன. அவை வெளியில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். எனவே பல்லை வெள்ளைத் தலைப்பக்கமாகப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. அழுக்கிருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ சில நொடிகள் காட்டலாம், தேய்க்கக் கூடாது. சுயநினைவோடு இருக்கும் பெரியவரோ வளர்ந்த பிள்ளையோ என்றால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து, துணியைக் கடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடுவதே சிறந்தது. மனம் வரவில்லையா, ஆவின் பாக்கெட் ஒன்றை வாங்கிக் கிழித்து அதில் போடுங்கள். இளநீரையும் இதற்கு ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்; முடிவுகள் ஒன்றுபோல இல்லாததால் பாலே மேல். வெறும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் பால்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லைக் குத்திவிடும். பல் மருத்துவர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து இரண்டு வாரம் கட்டிவைப்பார். டெட்டனஸ் ஊசி அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், அன்றைக்குள் போட்டால் போதும். அத்தான் வரிசையை மாற்றியிருந்தால் அவன் இன்று கழற்றிப் போடும் பல் வைத்துக்கொண்டிருக்கமாட்டான்.

எந்தப் பல் மருத்துவர்?

தமிழ்நாட்டில் 'அவசரப் பல் மருத்துவம்' என்று தனியாக ஒரு கதவு கிடையாது. இருப்பதை நாமே ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெருநகரங்களில் சில தனியார் கிளினிக்குகள் '24 மணி நேரம்' என்று பலகை வைத்திருக்கின்றன. பலகையை நம்பிக் கிளம்பாமல் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த நேரத்தில் மருத்துவர் உள்ளே இருக்கிறாரா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா, இன்றிரவே பல்லைத் திறந்து வலியை நிறுத்துவீர்களா அல்லது மாத்திரை மட்டும் தருவீர்களா? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கே போவதும் கேஷுவாலிட்டிக்குப் போவதும் ஒன்றுதான். உங்களை ஏற்கெனவே பார்த்த குடும்பப் பல் மருத்துவர் இருந்தால் அவருக்கே முதல் அழைப்பு. நள்ளிரவில் அழைக்கக் கூச்சப்பட்டு இரண்டாயிரம் ரூபாய் செலவழித்தவன் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பில் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பினால் பெரும்பாலானோர் பதில் தருகிறார்கள்.

அரசுப் பக்கம், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே 1953-இலிருந்து இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியை அரசு ஏற்றுக்கொண்டது. புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று திறந்தார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. ஆனால் இவற்றின் பலம் காலை வெளிநோயாளி நேரத்தில். வரிசை நீளம், செலவு ஏறக்குறைய இல்லை, பார்க்கிறவர்கள் ஒரு நாளில் எடுக்கும் பற்களின் எண்ணிக்கையால் கை தேர்ந்தவர்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் நடுவழி: பயிற்சி மாணவர் செய்வார், ஆசிரியர் மேற்பார்ப்பார், கட்டணம் குறைவு, நேரம் அதிகம். போரூர் ராமச்சந்திராபோல ஒரே வளாகத்தில் பொது மருத்துவமனையும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கும் இடங்கள், எது எந்தக் கேஸ் என்று நமக்கே புரியாத வீக்கத்துக்கும் முகக் காயத்துக்கும் நல்ல தேர்வு. வாய்-முக அறுவை நிபுணரும் மயக்க மருத்துவரும் ஒரு கூரையின் கீழ் கிடைப்பார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றே சொல்கிறேன். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் தவிர. "கேஷுவாலிட்டிக்குப் போனால் இன்ஷூரன்ஸ் தரும்" என்ற நம்பிக்கையில் அங்கே போகிறவர்கள் என்னைப்போலக் கைக்காசில் கட்டிவிட்டு, திங்கட்கிழமை பல் மருத்துவருக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

பல் மருத்துவர் பக்கமே சாய்ந்து பேசுகிறேன் என்று தோன்றினால், எதிர்ப்பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, மீதியை மூடிவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். அவசரம் என்பதற்காக எந்தக் கதவையும் தட்டிவிட முடியாது. கருவிகள் மூடி ஒட்டிய உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரில் பிரிக்கப்படுகின்றனவா, கையுறை புதிதா, சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்க்க, வலியோடு இருப்பவருக்கு முடியாது. கூடப் போகிறவர் பார்க்க வேண்டும்.

விடியும் வரை

ஆக, மூச்சும் விழுங்கலும் ரத்தமும் எலும்பும் இதயமும் சரியாக இருக்கின்றன, பல் மருத்துவர் எவரும் கிடைக்கவில்லை, மணி இரண்டு என்றால் மிஞ்சுவது வீடும் மருந்துக் கடையும். இது தோல்வி அல்ல. சரியாகச் செய்தால், நான் 2,140 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே நான்கு மணி நேரத் தூக்கம் இங்கேயும் கிடைக்கும்.

வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து எடுப்பது, இரண்டில் ஒன்றைத் தனியாக எடுப்பதைவிடப் பல்வலிக்கு நன்றாகக் கேட்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கர்ப்பம், டெங்குச் சந்தேகம் இவற்றில் ஏதேனும் இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். தெரியாமல் அதன்மேல் இன்னொன்றைப் போட்டு ஒரே நாளில் நான்கு கிராமைத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரல் தாங்காது. பெயரில்லாமல் வெள்ளைத் தாளில் மடித்துத் தரும் 'செட் மாத்திரை' வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் வடிந்ததுபோலத் தெரியும், சர்க்கரை ஏறும், சீழ் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

பாட்டி வைத்தியத்தில் கிராம்பு எண்ணெய் மெய்யானது. அதிலுள்ள யூஜினாலைப் பல் மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக் குழியில் மட்டும், ஈறில் பட்டால் எரிக்கும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்புவது புண்ணாக்கும், புகையிலை அடக்குவதும் அப்படித்தான். கன்னத்துக்கு வெளியே ஐஸ் வைக்கலாம், சுடு ஒத்தடம் கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று அந்த நேரத்தில் யாராவது தொடங்கினால், அவரைத் தூங்கப் போகச் சொல்லுங்கள்.

காலையில் வலி இல்லாமல் விழித்தாலும் எட்டரை மணிக்குப் பல் மருத்துவரின் வாசலில் இருங்கள். என் பல்லுக்கு இப்போது மேலே ஒரு தொப்பி இருக்கிறது, நான்கு முறை போய் வந்த பிறகு. கடைசி முறை வெளியே வரும்போதுதான் கவனித்தேன்: அவருடைய கதவில், ஷட்டர் இறக்கினாலும் தெரிகிற இடத்தில், இரவு அழைப்புக்கான எண் பெரிதாக எழுதியிருந்தது. வீட்டிலிருந்து அது ஆறு நிமிட நடை.